பழைய நிலக்காட்சி ஓவியமா? திணை பிரித்துப் பாருங்கள்

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. போன ஞாயிறு அல்சூர் வீட்டில் லேப்டாப்பில் ஒரு படத்தைத் திறந்து காட்டினேன். "கல்லறை. சோகம். அவ்ளோதானே மாமா?" என்று போனுக்குத் திரும்பிவிட்டாள். மூன்று நொடிகூட ஆகவில்லை. அப்புறம் அவளை உட்காரவைத்துச் சொன்னதுதான் இது.

படம், நெதர்லாந்து ஓவியர் யாகோப் வான் ரைஸ்டால் 1650களில் வரைந்த 'யூத இடுகாடு'. இரண்டு வடிவங்கள் உண்டு: ஒன்று ஜெர்மனியின் டிரெஸ்டனில், பெரியது அமெரிக்காவின் டெட்ராய்ட்டில். இணையத்தில் தேடி, பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். சங்கப் பாடல்களைத் திணை பிரிக்க, மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த முதல் (நிலமும் பொழுதும்), கரு (அங்கே காண்பவை), உரி (உணர்வு) இங்கே கைகொடுக்கும்.

படி 1: முதற்பொருள்

நிலமும் பொழுதும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். விவரங்கள் மங்கி, இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். வானம் கறுத்துக் கிடக்க, கல்லறைகள் மேல் வெளிச்சம் விழுகிறது. படத்தின் மனநிலை பாதி இங்கேயே பிடிபட்டுவிடும்.

படி 2: கருப்பொருள்

அர்த்தம் சொல்லாமல், கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள். கல்லறைகள், இடிந்த கட்டடம், பட்ட மரம், ஓடை, மேகம், மேகத்தினூடே வானவில். வானவில்லை முதலில் அவள் பார்க்கவே இல்லை!

எழுதிக்கொண்டே வந்தவள், "பொதைக்கிற எடத்துல யாராவது ஓடை விடுவாங்களா?" என்றாள். அசந்துவிட்டேன். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். கல்லறைகள் நிஜம், ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் அவுடெர்கெர்க் என்ற ஊரில் இருப்பவை. ரைஸ்டால் அவற்றைத் தனியாகக் கோட்டோவியமாகவும் தீட்டியிருக்கிறார். அந்தக் கோட்டோவியங்கள் ஹார்லெம் நகரிலுள்ள டெய்லர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த இடிபாடும் துள்ளி ஓடும் ஓடையும் அங்கே கிடையாது. தட்டையான ஊர் அது. இல்லாததை ஒருவர் மெனக்கெட்டு வரைந்தால் சும்மாவா வரைவார்? அந்த இரண்டுக்கும் அடிக்கோடு போடுங்கள்.

படி 3: உரிப்பொருள்

இப்போது அர்த்தத்துக்கு வரலாம். கட்டடம் இடிகிறது, மரம் பட்டுப்போகிறது, நீர் நிற்காமல் ஓடுகிறது. நிலையாமைதான். ஆனால் வானவில்? பைபிளில் அது, பெருவெள்ளம் வடிந்தபின் கடவுள் நோவாவுக்குக் காட்டிய உடன்படிக்கையின் அடையாளம். அக்கால டச்சுக்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். ஆக, வெறும் சோகப் படம் இல்லை, நம்பிக்கையும் இருக்கிறது.

'மரம் என்றால் உயிர்' வகைப் பட்டியல்களை நான் நம்புவதில்லை. இந்தப் படத்திலேயே பட்ட மரமும் இருக்கிறது, பச்சை மரமும் இருக்கிறது. எது எதன் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

பழகிப் பார்க்க

பெங்களூர் குமாரகிருபா சாலையில் உள்ள சித்ரகலா பரிஷத் கலைக்கூடத்தில் ரோரிக் கூடம் இருக்கிறது. குல்லு பள்ளத்தாக்கில் வாழ்ந்து 1947இல் மறைந்த ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்கின் இமயமலைப் படங்களில் ஒன்றின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். மலையைப் பார்த்ததும் குறிஞ்சி என்று எழுதிவிட வேண்டாம். அந்தப் பனியில் யாரும் களவுக் காதலுக்குக் கிளம்புவதாகத் தெரியவில்லை.