பலகையில் கிடக்கும் நெல் மூடைக்கு எத்தனை அம்பு?

களுவாஞ்சிக்குடியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு பொருளில் தாக்கும் விசைகளை அம்புகளாகக் கீறும் விசை வரிப்படத்தில் புள்ளி இழக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் கணக்குத் தெரியும். எந்தப் பொருளுக்குக் கீறுகிறோம் என்பதை முடிவு செய்யாமல் பென்சிலை எடுப்பதுதான் பிழை.

முதல் வகுப்பில் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றை மேசையில் வைப்பேன். சட்டியும் தயிருமாக 2 கிலோகிராம் என்று எடுங்கள். கொப்பியில் சட்டியை மட்டும் கீறுங்கள். ஒரு பெட்டி போதும், மேசை வேண்டாம். சரி, சட்டியைத் தொடுவது எது? மேசை. தொடாமல் இழுப்பது? பூமி. ஆகவே இரண்டே அம்பு. ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் நிறை கீழ்நோக்கி 20 நியூட்டன், மேசையின் மறுதாக்கம் மேல்நோக்கி 20 நியூட்டன். சட்டி மேசையை அழுத்தும் விசை மேசையின் படத்துக்கு உரியது, இங்கே வராது.

இரண்டும் சமன் என்பதால் இவற்றை நியூட்டனின் மூன்றாம் விதிச் சோடி என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சோடி ஒருபோதும் ஒரே பொருளில் தாக்காது. சட்டியின் நிறைக்குச் சோடி, சட்டி பூமியை மேலே இழுக்கிற விசை.

கச்சான் வீசும் நாளில் வாவியில் கட்டிக் கிடக்கும் தோணிக்கு நான்கு அம்பு: நிறை, நீரின் மேலுதைப்பு, காற்றின் தள்ளல், கயிற்றின் இழுவை. கயிறு இழுக்கும், தள்ளாது. அதனால் அதன் அம்பு எப்போதும் தோணியிலிருந்து கயிற்றின் வழியே வெளியே போகும்.

இனி நெல் மூடை. அறுவடை முடிந்ததும் ட்ரக்டர் பெட்டியில் மூடை ஏற்றப் பலகை சாத்துவார்களே, அதை 30 பாகை சாய்வில் வையுங்கள். 60 கிலோகிராம் மூடை ஒன்று அதில் வழுக்காமல் கிடக்கிறது. நிறை 600 நியூட்டன், நேரே கீழ்நோக்கி. பலகை சாய்ந்தாலும் இந்த அம்பு சாயாது. மறுதாக்கம் பலகைக்குச் செங்குத்தாக ஏறத்தாழ 520. உராய்வு பலகை வழியே மேல்நோக்கி 300. மூன்றுதான்.

நான் படித்த காலத்தில் இதே படத்தில் நிறையையும் கீறி, அதைப் பலகை வழியேயும் பலகைக்குச் செங்குத்தாகவும் பிரித்த இரு கூறுகளையும் பக்கத்தில் கீறி, எல்லாவற்றையும் கூட்டினேன். விடை வரவே இல்லை. ஒரே விசையை இரண்டு தரம் எண்ணியிருந்தேன். இப்போது பிள்ளைகளிடம் கூறுகளைப் புள்ளிக்கோட்டில், வேறொரு படத்தில் கீறச் சொல்கிறேன்.

"சேர், உராய்வு எந்தப் பக்கம்?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். மூடை எந்தப் பக்கம் வழுக்குகிறது, அல்லது வழுக்கப் பார்க்கிறது என்று முதலில் சொல்லுங்கள், அதற்கு எதிர்ப்பக்கம். சும்மா கிடக்கும்போது உராய்வு மேல்நோக்கி இருந்தது. பலகைக்குச் சமாந்தரமாகக் கயிறு போட்டு 300 நியூட்டனிலும் கூடிய விசையால் மேலே இழுத்தால் அது கீழ்நோக்கித் திரும்பும். சீரான வேகத்தில் இழுக்கிறவர் நிறையின் பலகை வழியான கூறாகிய 300 உடன் உராய்வையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

ஒவ்வொரு அம்பின் பக்கத்திலும் அதைக் கொடுப்பது எது என்று எழுதுங்கள். மட்டமான சீமெந்துத் தரையில் மூடையைத் தள்ளிக் கையை எடுத்தபின் அது கொஞ்சத் தூரம் வழுக்கிப் போகும். பலர் முன்நோக்கி ஓர் அம்பு போடுவார்கள். அதைக் கொடுப்பது எது? எழுத ஒன்றும் கிடைக்காது. அந்த அம்பை அழியுங்கள். நிறை, மறுதாக்கம், பின்நோக்கிய உராய்வு மட்டும் மிஞ்சும்.