நெகிழ் ஒளி வலையமைப்பில் வழியும் அலைக்கற்றையும் ஒதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெகிழ் ஒளி வலையமைப்பில் ஒளியிழையின் அலைக்கற்றை ஸ்லாட் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் தேவையான அளவு கொடுக்கப்படும். லிங்கில் (இரண்டு கணுக்களை இணைக்கும் ஒளியிழையில்) எத்தனை ஸ்லாட் காலி என்று எண்ணிவிட்டு, இணைப்பு கிடைத்துவிடும் என்று நம்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு கோரிக்கைக்கான ஸ்லாட்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். அலைநீள மாற்றி (நடுவழியில் சமிக்ஞையை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றும் கருவி) இல்லாத வழியில் எல்லா லிங்கிலும் அதே எண்ணுள்ள ஸ்லாட்டுகளாகவும் இருக்க வேண்டும். அ–ஆ லிங்கில் 1–4, 9–12 காலி. ஆ–இ லிங்கில் 3–6, 9–10 காலி என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் எட்டு ஸ்லாட், அடுத்ததில் ஆறு. இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது 3–4, 9–10 மட்டுமே. மூன்று ஸ்லாட் கேட்கும் கோரிக்கை மறுக்கப்படும். ஆகவே வழியிலுள்ள எல்லா லிங்குகளின் பிட்மேப்பையும் (எந்த ஸ்லாட் காலி என்று 1, 0 எனக் குறிக்கும் பட்டியலையும்) முதலில் 'அண்ட்' செய்து, அதாவது எல்லாவற்றிலும் காலியாக உள்ளவற்றை மட்டும் எடுத்து, அதன் பிறகே தொடர்ச்சியான இடத்தைத் தேட வேண்டும்.

வழியை முதலில் முடிவுசெய்து, மாடுலேஷனை (தரவை ஒளியில் ஏற்றும் முறையை) அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் தவறே. 12.5 ஜிகாஹெர்ட்ஸ் ஸ்லாட் ஒன்று, மாடுலேஷன் வகைகளில் பிபிஎஸ்கே-யில் 12.5, கியூபிஎஸ்கே-யில் 25, 8-க்யூஏஎம்-இல் 37.5, 16-க்யூஏஎம்-இல் 50 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஜிகாபிட்) சுமக்கும் என்பது ஆய்வுகளில் வழக்கமான கணக்கு. எட்டும் தூரம் முறையே 4000, 2000, 1000, 500 கி.மீ. என்று எடுத்துக்கொள்வார்கள். 100 ஜிபிபிஎஸ் கோரிக்கைக்கு 900 கி.மீ., இரண்டு லிங்க் உள்ள வழியில் 8-க்யூஏஎம் போதும்: 3 ஸ்லாட்டும் காப்புப் பட்டைக்கு (அண்டை இணைப்போடு மோதாமல் விடும் இடைவெளிக்கு) 1-உம் சேர்ந்து 4, இரண்டு லிங்கிலும் சேர்த்து 8. 1100 கி.மீ., மூன்று லிங்க் உள்ள வழியில் கியூபிஎஸ்கே-க்கு இறங்க வேண்டும்: 4-உம் 1-உம் சேர்ந்து 5, மொத்தம் 15. தூரத்தில் 200 கி.மீ.தான் கூடுகிறது, செலவோ ஏறக்குறைய இரட்டிப்பு. பாதுகாப்பு வழி (முதன்மை வழி அறுந்தால் பயன்படும் மாற்று வழி) பெரும்பாலும் நீளமானது என்பதால், அதற்கான ஸ்லாட்டைத் தனியாகக் கணக்கிடுங்கள். மேலே சொன்ன தூரங்களை நிஜ வலையமைப்புக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது. வழியிலுள்ள கணுக்களின் ஒளி வடிகட்டிகள் வரிசையாக வரும்போது, அவற்றைக் கடக்கும் அதிர்வெண் பட்டை குறுகிக்கொண்டே போகும். அதனால் 480 கி.மீ. வழியில்கூட 16-க்யூஏஎம் தோற்கலாம்.

மைய அதிர்வெண்ணை 12.5 ஜிகாஹெர்ட்ஸ் படிகளில் வைப்பது கண்ணுக்குத் தெரியாத விரயம். உலகத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐடியு-டி-யின் ஜி.694.1 பரிந்துரையில் உள்ள நெகிழ் கட்டத்தில் (அதிர்வெண் இடங்களை வகுக்கும் அமைப்பில்) மையம் 193.1 டெராஹெர்ட்ஸிலிருந்து 6.25 ஜிகாஹெர்ட்ஸ் படிகளில் நகரும்; அகலம்தான் 12.5-இன் மடங்கு. 193.1-ஐ மையமாக வைத்த 37.5 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்பு அங்கிருந்து +18.75 ஜிகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதை ஒட்டி வரும் 50 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்பின் மையம் +43.75-இல், அதாவது ஏழாவது படியில் இருக்க வேண்டும். 12.5 படியில் வைத்தால் மையம் +50-க்குத் தள்ளிப்போய், நடுவே 6.25 ஜிகாஹெர்ட்ஸ் யாருக்கும் உதவாமல் கிடக்கும்.

கண்ட இடத்தில் ஸ்லாட்டைக் கொடுத்தால் அலைக்கற்றை சிதறிப்போகும். அளவுக்குச் சரியாகப் பொருந்தும் இடைவெளியை முதலில் தேடி, கிடைக்காதபோது கீழ் எண்ணிலிருந்து வரும் முதல் இடத்தைக் கொடுப்பது நல்ல தொடக்கம். பிறகு இணைப்புகளை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம் என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பை லேசர் அதிர்வெண்ணை மெல்ல நகர்த்தி மாற்றும் முறையில், நடுவில் நிற்கும் இன்னொரு இணைப்பை அது தாண்டிப் போக முடியாது.

ஒதுக்கீட்டு முறையைச் சோதிக்கும் சிமுலேஷனில் மறுக்கப்பட்ட கோரிக்கைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய கோரிக்கைகள் படும் பாடு தெரியாது. மறுக்கப்பட்ட மொத்த பிட்வீதத்தையும் அளவிடுங்கள். வலையமைப்பு காலியாகத் தொடங்கும் காலத்தின் முடிவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மறுப்பு விகிதம் பத்தாயிரத்தில் ஒன்று என்றால், நூறு மறுப்புகளைப் பார்க்கவே பத்து லட்சம் கோரிக்கைகள் வேண்டும். ஒரு லட்சத்தில் நிறுத்தினால் கையில் இருப்பது சுமார் பத்து மறுப்புகள். அதை வைத்து இரண்டு அல்காரிதங்களில் எது மேல் என்று சொல்ல முடியாது.