பென்சன் எடுத்தாப்பிறகு பியானோ: குறூப் கிளாஸில சேரப்போறாக்களுக்கு

யாழ்ப்பாணத்தில பியானோ கிளாஸ் எண்டால் அனேகமா பிள்ளையளுக்குத்தான், பள்ளிக்கூடம் விட்டு பின்னேரத்தில, அதுவும் ட்ரினிட்டி இல்லாட்டி ஏபிஆர்எஸ்எம் எண்ட லண்டன் சங்கீதச் சோதினைக்காக. அறுபது வயசில போய் அவையோட இருந்து பழகக்கூடாதெண்டு இல்லை, ஆனா அவையின்ர வேகம் வேற. அதால உங்கட வயசில மூண்டு நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு ரீச்சரிட்டப் போய், காலமையில எங்களுக்கெண்டு ஒரு கிளாஸ் வைக்கேலுமோ எண்டு கேளுங்கோ. அந்த நேரம் பிள்ளையள் பள்ளிக்கூடத்தில, கீபோர்ட் எல்லாம் சும்மாதான் கிடக்கும். ஆளுக்கொரு கீபோர்ட் இருக்கோ, சோதினை கட்டாயமோ எண்டும் கேட்டுப்போடுங்கோ. ஒண்டில நாலு பேர் மாறி மாறி இருக்கிறதெண்டால் அது கிளாஸ் இல்லை, கியூ.

தனியப் பழகினால் நல்லமெல்லோ எண்டு சனம் சொல்லும், நான் அப்பிடி நினைக்கேல்ல. தனிய இருந்தால் பிழை விட்ட உடன நிப்பாட்டி திரும்ப முதல்ல இருந்து தொடங்குவம், அதுவே பழக்கமாப் போய் எத்தினை மாசம் போனாலும் முதல் ரெண்டு வரி மட்டும்தான் வடிவா வரும். குறூப்பில மற்றாக்கள் உங்களுக்காக நிக்கமாட்டினம். பிழைச்சால் கையை எடுத்துப்போட்டு மனசுக்குள்ள ஒண்டு ரெண்டு மூண்டு நாலு எண்டு எண்ணிக்கொண்டு இருந்து, அடுத்த பாரின்ர (புத்தகத்தில ரெண்டு நெட்டுக் கோட்டுக்கு நடுவில உள்ள துண்டு) முதல் அடியில திரும்ப ஏறுங்கோ, ஓடுற பஸ்ஸில தொத்துற மாதிரி. ரெண்டு கையும் ஏலாட்டி வலக்கை மட்டும், அதுவும் ஏலாட்டி ஒவ்வொரு பாரிலயும் முதல் சுரத்தை மட்டும் அமத்துங்கோ.

கர்நாடக சங்கீதம் பழகி வட இலங்கை சங்கீத சபைச் சோதினை எடுத்தாக்கள் எங்கட ஊரில கனபேர். உங்களுக்குக் காதும் தாளமும் ஏற்கனவே இருக்கு, ஆதி தாளம் போட்ட கைக்கு 4/4, அதாவது பாருக்கு நாலு அடி, ஒரு வேலையே இல்லை. சி மேஜர் ஸ்கேல் எண்டது சங்கராபரணத்தின்ர சுரங்கள்தான், முழுக்க வெள்ளைக் கட்டை. சரளி வரிசை பழகின மாயாமாளவகௌளையை சியில சட்ஜம் வைச்சு வாசிச்சால் ரியும் தவும் கறுப்புக் கட்டைக்குப் போகும், முதல் நாளே செய்து பாருங்கோ, சந்தோசமா இருக்கும். ஆனா தடக்கிற இடமும் இதுக்குள்ளதான். நாங்கள் சட்ஜத்தைக் குரலுக்கேத்த மாதிரி மாத்துவம், சி எண்டது இருந்த இடத்திலயே இருக்கும், அதால புத்தகத்தில சுரத்துக்கு மேல ச ரி க எண்டு பென்சிலால எழுதாதேங்கோ, ஜியில சட்ஜம் வைக்கிற ஜி மேஜருக்குப் போகேக்க எல்லாம் குழம்பும். வயலின் பழகினாக்களுக்கு இன்னொரு கரைச்சல்: அதில சுட்டுவிரல்தான் 1, இதில பெருவிரல் 1. 2 எண்டு கண்டால் நடுவிரல் தன்ரபாட்டில போய் அமத்தும். கொஞ்ச நாளைக்கு விரல் நம்பரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வாசிச்சால் மாறும். கமகத்தை மறந்திடுங்கோ, கட்டைக்குக் கட்டை வழுக்கேலாது.

வீட்டில சாப்பாட்டு மேசையில கீபோர்ட்டை வைச்சால் உயரம் கூடிப்போய் தோள் ரெண்டும் காதுக்குக் கிட்ட ஏறி நிக்கும், கொஞ்ச நேரத்தில கழுத்துப் பிடிக்கும். முழங்கை கட்டையின்ர மட்டத்துக்கு வரவேணும், உயரம் மாத்திற ஸ்டாண்ட் இல்லாட்டி கதிரையில பெட்சீட்டை மடிச்சுப் போடுங்கோ. மேல தூரப்பார்வை கீழ வாசிக்கிறது எண்டு ஒரே கண்ணாடி போடுறாக்கள், புத்தகம் நேர எதிர்ல இருக்கிறதால நாடியைத் தூக்கிக்கொண்டுதான் பாப்பீங்கள். கண்ணுக்கும் புத்தகத்துக்கும் இடையில உள்ள தூரத்தை அளந்துகொண்டு போய் கண்ணாடிக்கடையில சொல்லி அந்தத் தூரத்துக்கெண்டே ஒண்டு செய்யுங்கோ. விரல் மூட்டு நோவெடுத்தால் அண்டைக்கு நிப்பாட்டுங்கோ, பல்லைக் கடிச்சுக்கொண்டு வாசிக்க வேண்டாம்.

பியானோவுக்கு 88 கட்டை, ஆனா தொடங்க 61 காணும். மெல்ல அமத்தினால் மெல்லமாவும் பலமா அமத்தினால் பலமாவும் கேக்குதோ எண்டு கடையிலயே பாருங்கோ, கேக்காட்டி வாங்காதேங்கோ. நடு சி 61இல இடப்பக்கத்தால மூண்டாவது சி, 88இல நாலாவது, கிளாஸில ஒண்டு வீட்டில ஒண்டு எண்டால் இதில மாறுப்படும். பற்றரியிலயும் வேலை செய்யிறதெண்டால் கரண்ட் போற நேரத்துக்கு உதவும். ஆரும் பழைய மரப் பியானோ சும்மா தாறம் எண்டால் முதல்ல கறையான் இருக்கோ பாருங்கோ, பேந்து ட்யூன் பண்ண ஆள் தேடோணும்.

பழகுறது நாளுக்கு இருவது நிமிசம் காணும், ஆனா ஒவ்வொரு நாளும். சனிக்கிழமை ரெண்டு மணித்தியாலம் குந்தியிருந்து பிரயோசனமில்லை. ஒரு கை, பேந்து மற்றக் கை, பேந்து ரெண்டும் சேர்த்து அரைவாசி வேகத்தில. ரீச்சரிட்டக் கேட்டு அவ ஆறுதலா வாசிக்கிறதைப் போனில ரெக்கோட் பண்ணி, ஒரு காதில ஹெட்போன் போட்டுக்கொண்டு அதோட சேர்ந்து வாசியுங்கோ, பிழைச்சாலும் ரெக்கோடிங்கை நிப்பாட்டாதேங்கோ. ஹெட்போன் வாங்க முதல் கீபோர்ட்டின்ர துளையைப் பாருங்கோ, சிலதுக்கு 6.35 மில்லிமீற்றர் பெரிய ஜாக், போன் ஹெட்போன் அதுக்குப் போகாது, சின்ன அடப்டர் ஒண்டு வேணும்.