உருளைக் கம்பியில் நடு பிசகாமல் துளையிடுதல்

உருளைக் கம்பியில் குறுக்காகப் போடும் துளை நடுவை விட்டு விலகுவதற்குப் பெரும்பாலும் மழுங்கிய பிட் (துளையிடும் அலகு) காரணமல்ல. பிட்டின் முனை முதலில் தொடும் இடம் கம்பியின் உச்சியாக இல்லாமல் சற்றே சரிவில் அமைந்துவிடுவதுதான் காரணம். சரிவில் பட்ட முனை மேலும் கீழ்நோக்கியே வழுக்கும். 12 மி.மீ. கம்பியில் 4 மி.மீ. துளை அரை மி.மீ. விலகினாலே, இருபுறமும் சமமாக 4 மி.மீ. நிற்க வேண்டிய உலோகம் ஒருபுறம் 4.5, மறுபுறம் 3.5 என்றாகிவிடும், குழலுக்குள் அந்தக் கம்பியைச் செருகி, இரண்டையும் பிணைக்கும் பின் (pin) என்னும் ஆணியை அடிக்கப் போனால், துளைகள் நேர்கோட்டில் நில்லாமல் அது நுழைய மறுக்கும்.

இதற்கு முதல் துணை வி-பிளாக், அதாவது V வடிவப் பள்ளம் வெட்டிய உலோகக் கட்டை. எந்த விட்டமுள்ள கம்பியை வைத்தாலும் அதன் அச்சு பள்ளத்தின் நடுக்கோட்டுக்கு நேர்மேலேயே நிற்கும் என்பதால், பிளாக்கை ஒருமுறை சக்கின் (டிரில் இயந்திரத்தில் பிட்டைப் பிடிக்கும் பகுதி) அச்சுக்கு நேராக நிறுத்திவிட்டால் போதும். முனை கூம்பாகக் கடைந்த நேரான தண்டு ஒன்றைச் சக்கில் பிடித்து, மெல்ல இறக்கி, அது பள்ளத்தின் இரு சரிவுகளையும் ஒருசேரத் தொடும் நிலையில் பிளாக்கை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மேசையின் உயரத்தை இதற்கு முன்பே, பயன்படுத்தப்போகும் மிக நீளமான பிட்டுக்கும் இடம் இருக்கும்படி அமைத்துவிட வேண்டும். உருண்டைத் தூண் கொண்ட பெஞ்ச் டிரில்லில் மேசையைப் பிறகு ஏற்றி இறக்கினால் அது பக்கவாட்டில் திரும்பிவிடும், செய்த வேலை அத்தனையும் வீணாகும். நான் இதை ஒரு முழு நாளை இழந்து கற்றுக்கொண்டேன்.

அடுத்து, கம்பியைப் பிளாக்கில் இறுக்கி, அதன்மேல் 150 மி.மீ. ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காகக் கிடத்தி, மோட்டாரை நிறுத்திய நிலையில், அதே கூம்புத் தண்டின் முனையை இறக்கி ஸ்கேலின் நடுப்பகுதியை மென்மையாக அழுத்திப் பாருங்கள். முனை உச்சிக்கு நேராக இருந்தால் ஸ்கேல் மட்டமாகக் கிடக்கும், 12 மி.மீ. கம்பியில் 0.1 மி.மீ. விலகினாலும் ஸ்கேலின் நுனி ஏறத்தாழ 1.25 மி.மீ. சாய்ந்து, பிழையைக் கண்ணுக்குக் காட்டிவிடும்.

நீளவாக்கில் துளையின் இடத்தைக் கோடிட்டுக் கொள்ளலாம். ஆனால் சென்டர் பஞ்ச் (குழி பதிக்கும் கூர்முனைக் கருவி) அடிக்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் நூலிழை தவறி விழுந்த பஞ்ச் குழி பிட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தடித்த, வளையாத சென்டர் டிரில்லால் தொடங்கி, கூம்புக் குழி தெளிவாக விழுந்த பிறகே பிட்டை மாற்றுங்கள். மைல்டு ஸ்டீலுக்கு ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் என்றால் 6 மி.மீ.க்கு நிமிடத்துக்குச் சுமார் 1300 சுற்றுகளும், 10 மி.மீ.க்குச் சுமார் 800 சுற்றுகளும் பொருந்தும். கட்டிங் ஆயில் இட்டு, அடிக்கடி பிட்டைத் தூக்கிச் சுருளை வெளியேற்ற வேண்டும். மறுபுறம் உடைத்துக்கொண்டு வெளிவரும் நேரத்தில் பிட் கம்பியைப் பற்றி இழுக்கும், ஆகவே அப்போது அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்; கையுறை கூடவே கூடாது.

துளை நடுவில் விழுந்ததா என்பதை அறிய, பிசிரை அரத்தால் நீக்கியபின், இறுக்கமாகப் பொருந்தும் பின் ஒன்றைத் துளையில் செருகி, கம்பியை வி-பிளாக்கில் கிடத்தி, பின்னின் இரு நுனிகளும் ஒரே உயரத்தில் இருக்குமாறு திருப்பி, அந்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கம்பியை அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் அளந்தால், இரு அளவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டில் பாதியே துளையின் விலகல்.