கைவேலை சுமாராக வருபவர்களின் கிறிஸ்துமஸ் பரிசு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்துமஸுக்குக் கையால் ஏதாவது செய்து கொடுப்பது என் வழக்கம். நேராக வெட்டினால் இன்றும் கோணலாகத்தான் வரும். அந்தக் கோணலை யாரும் பொருட்படுத்துவதில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். ஆனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நான் எப்போதோ சொதப்பிய அதே இடங்களில் சொதப்புவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

காயும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. "ஒரு மணி நேர வேலைதானே, 23-ஆம் தேதி ராத்திரி பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் கைக்கு. பொருளின் கணக்கு வேறு. எபாக்ஸி ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் கெட்டியாகும் பிசின்) முழுசாக இறுகப் பொதுவாக 24 முதல் 72 மணி நேரம் பிடிக்கும். அறை குளிராக இருந்தால் இன்னும் இழுக்கும். சோயா மெழுகுவர்த்தி அன்றே கெட்டியாகிவிடும், ஆனால் ஏற்றும்போது நன்றாக மணக்க வேண்டுமானால் சுமார் 2 வாரம் சும்மா வைத்திருக்க வேண்டும். காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் கலந்து காய்ச்சாமல் வார்க்கும் சோப்புக்கு 4 முதல் 6 வாரம். அதாவது நவம்பர் நடுவிலேயே வார்த்திருக்க வேண்டும்.

ஒருவர் ரெசினில், டம்ளருக்கு அடியில் வைக்கும் கோஸ்டர் செட் செய்தார். தொட்டால் ஒட்டவில்லை, பளபளவென்று இருந்தது. உடனே டிஷ்யூ பேப்பரில் சுற்றி ரிப்பனும் கட்டிவிட்டார். பிரித்தபோது பேப்பரின் ஒவ்வொரு சுருக்கமும் கோஸ்டர் மேல் பதிந்திருந்தது. ஓரத்தில் பேப்பரே ஒட்டிக்கொண்டு கிழிந்தது. ஒட்டவில்லை என்றால் இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. அடிப்பக்க ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் சுற்றாதீர்கள்.

சிலர் இதைவிடப் பெரிய வேலை செய்வார்கள்: சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கும் இரண்டாவது திரவம்) கூடுதலாக ஊற்றுவார்கள். எபாக்ஸியிடம் அது பலிக்காது. அளவு தப்பினால் எத்தனை நாள் வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது, மொத்தமும் குப்பைக்குத்தான். ரெசின் ஒன்றும் மலிவான சமாச்சாரமும் இல்லை.

நாள் நெருங்கிவிட்டதா? சரி, காகிதத்துக்கோ நூலுக்கோ மாறிவிடுங்கள். அவற்றுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை.

ஜோடியாக வரும் பொருள்

கையுறை, காலுறைப் பக்கம் போகாதீர்கள். ஒன்று எப்படியோ வந்துவிடும். இரண்டாவது அதற்கு அண்ணன் மாதிரி வளர்ந்து நிற்கும். மஃப்ளர் பின்னுங்கள். நாலு விரல் கூடினாலும் குறைந்தாலும் யாரும் அளக்கப்போவதில்லை.

குவளை விளிம்பில் பெயிண்ட்

உதடு படும் இடம். கூடாது.

கிளிட்டர்

தொடவே தொடாதீர்கள்.

கொடுக்கும்போதே குறை சொல்வது

"இந்த ஓரம் கொஞ்சம் பிசகிடுச்சு" என்று நீங்கள் விரலை நீட்டும்வரை அந்த ஓரத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். உதாரணமாக, மெழுகுவர்த்தியை முதல் தடவை ஏற்றும்போது மேல்பரப்பு முழுவதும் உருகும்வரை அணைக்கக் கூடாது. அவசரப்பட்டால் அடுத்தடுத்த முறை திரியைச் சுற்றி மட்டும் குழி விழும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் மெழுகுவர்த்தி சரியில்லை என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும்.