முதலில் தேநீர்க் கோப்பையைப் பாருங்கள்
எடையைக் குறைக்க நினைத்தால், சோற்றின் மீது பழி போடுவதற்கு முன் தேநீரைக் கவனியுங்கள். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம், 16 கலோரி. இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு ஐந்து தேநீர் என்றால் 160 கலோரி. பால்மா சேர்ந்தால் கணக்கு இன்னும் ஏறும். முதலில் ஒரு கரண்டியாக்குங்கள், பிறகு அரை. நாக்கு சில நாள் முரண்டு பிடிக்கும், பின்பு பழகிவிடும்.

மதியத் தட்டில் பாதியை வல்லாரைச் சம்பல், பயற்றங்காய்க் கறியால் நிரப்பிய பிறகே சோற்றைப் போடுங்கள். (இரவு பத்து மணிக் கொத்து ரொட்டி தனிக் கதை!)

நடைக்குக் கொழும்பில் வெள்ளவத்தைக் கடற்கரை வீதியோ சுதந்திர சதுக்கமோ போதும். வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்றுங்கள்.