மே மாதக் கூட்டத்தை நம்பிப் போடும் ஒப்பந்தம்: மலைப் போக்குவரத்தில் அரசு-தனியார் கூட்டு சறுக்கும் இடங்கள்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ரோப் கார், ஊட்டியில் அடுக்குமாடி பார்க்கிங் என்ற பேச்சு வரும்போதெல்லாம், தனியார் பணம் போடுவார், அரசு அனுமதி தரும், வசூலில் கடன் அடையும் என்றே கணக்கு சொல்லப்படுகிறது. அந்தக் கணக்கு முதலில் உடைவது வருவோர் எண்ணிக்கையில்தான்.

மலர்க் கண்காட்சி நேரத்துக் கூட்டத்தை எண்ணி 365-ஆல் பெருக்குவது பெரிய தவறு. ஓர் உதாரணக் கணக்கு: நாளுக்கு 6,000 பேர் என்றால் ஆண்டுக்கு 21.9 லட்சம். ஆனால் அந்தக் கூட்டம் 60 நாள்தான் இருக்கும், வார இறுதியும் விடுமுறையுமாக 120 நாள் 3,000 பேர், மீதி 185 நாள் 1,200 பேர் என்று வையுங்கள். மொத்தம் 9.42 லட்சம், பாதிகூட இல்லை. வங்கி வட்டியோ ஆடியிலும் ஐப்பசியிலும் அதே தொகைதான். காற்று பலமானால் ரோப் கார் நிற்கும். பழனி மலைக்கோயில் ரோப் காரே ஆண்டுப் பராமரிப்புக்காக ஒரு மாதத்தை ஒட்டி மூடப்படுகிறது. அதனால் கோடை, மழை, பனி மூன்று பருவத்திலும் குறைந்தது ஏழு நாள் தொடர்ந்து எண்ண வேண்டும். நிற்கும் நாள்களைக் கழித்த பிறகே வருமானம் எழுத வேண்டும். உலகின் பல ரயில் திட்டங்களை ஆராய்ந்த ஃப்ளைவ்பியர் என்ற ஆய்வாளரின் குழு 2005-ல் கண்டது இதுதான்: பயணிகள் மதிப்பீடு உண்மையைவிடச் சராசரியாக இரு மடங்குக்கும் மேல்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சட்டம் மாறலாம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வாகன எண்ணிக்கையை நம்பி அதற்கு முன்பே பார்க்கிங் ஒப்பந்தம் போட்டவர் நிலையை யோசியுங்கள். "சட்ட மாற்றம்" என்ற பிரிவில் நீதிமன்றக் கட்டுப்பாட்டையும் பெயர் சொல்லிச் சேர்க்காவிட்டால், இழப்பு யாருடையது என்று வழக்காடியே ஆண்டுகள் போகும். எங்கள் கருத்தில், மலையில் வருவோர் எண்ணிக்கை என்ற அபாயத்தைத் தனியார் தலையில் முழுதாக ஏற்றவே கூடாது. நெடுஞ்சாலைகளில் உள்ள ஹைப்ரிட் ஆன்யூட்டி முறையில், கட்டுமானக் காலத்தில் திட்டச் செலவின் 40 சதவீதத்தை அரசு தருகிறது. மீதி 60 சதவீதத்தைப் பல ஆண்டுத் தவணைகளாகக் கொடுத்துவிட்டு, வசூல் அபாயத்தைத் தானே ஏற்கிறது. மலைக்கு இது பொருந்தும். ஆனால் அந்தத் தவணைக்கு பட்ஜெட்டில் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க முடியுமா என்று கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

நிலத்தில் 80 சதவீதம் கைக்கு வந்தால் வேலை தொடங்கலாம் என்ற சாலை விதியை ரோப் காருக்கு அப்படியே எடுப்பதும் தவறு. சாலையைத் துண்டு துண்டாகத் திறக்கலாம். ரோப் காரில் ஒரு கோபுரத்துக்கு இடம் கிடைக்காவிட்டால் முழுத் தடமும் முடங்கும். வன அனுமதி, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதி, ஒவ்வொரு கோபுர இடத்திலும் மண் பரிசோதனை ஆகிய மூன்றும் டெண்டருக்கு முன்பே முடிய வேண்டும். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த நீலகிரியில் மண் பரிசோதனையை ஒப்பந்ததாரர் பொறுப்பென்று தள்ளிவிட முடியாது.

அடித்தளம் ஒருவர், இயந்திரம் இன்னொருவர் என்று பிரிப்பதிலும் கவனம் தேவை. டெல்லி விமான நிலைய மெட்ரோவில் பாலமும் தூணும் அரசு நிறுவனமான டெல்லி மெட்ரோ கட்டியது, தண்டவாளமும் ரயிலும் தனியார் பொறுப்பு. 2012 ஜூலையில் பாலத்தைத் தூண்மேல் தாங்கும் பேரிங் பழுதால் ஓட்டம் நின்றது. 2013 ஜூலையில் தனியார் வெளியேறினார். இழப்பீட்டு வழக்கு 2024 ஏப்ரல் வரை இழுத்தது. பழுதை எந்தச் சோதனையில், யார் முன்னிலையில், எத்தனை நாளில் தீர்மானிப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

வெளியேறும் வழியைக் கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் முடிப்பதும் வழக்கமாகிவிட்டது. நீலகிரி மலை ரயிலைத் தொடங்கிய முதல் கம்பெனி பணமின்றி முடங்கியது. புதிய கம்பெனிதான் 1899-ல் குன்னூர் வரை பாதையை முடித்தது, 1903-ல் அரசே அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. இன்று ஒரு ரோப் கார் நிறுவனம் நடுவில் விட்டுப் போனால், கம்பி வடம் கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட பதிவேடு, உதிரிபாக இருப்பு, பயணிகளைக் கூண்டிலிருந்து இறக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் ஆகியவை ஒரு நாள்கூட இடைவெளியின்றி அரசின் கைக்கு மாற வேண்டும். கடனில் எவ்வளவு அரசு ஏற்கும் என்ற சூத்திரத்தையும் கையெழுத்து நாளிலேயே எழுத வேண்டும்.